எச்சரிக்கைப் பலகை யாருக்காக? பியாஸ் நதித் தீர்ப்பை முன்வைத்துச் சில எண்ணங்கள்

ஒவ்வோர் ஆண்டும் கோடை விடுமுறையிலும் மழைக்காலத்திலும் அருவியில், ஆற்றில், மலையேற்றப் பாதையில் இளைஞர்கள் இறந்த செய்திகள் வருகின்றன. செய்தியின் கீழே இருவகைக் கருத்துகள் தவறாமல் தோன்றும். ‘பலகை வைத்திருக்கிறார்களே, படிக்கத் தெரியாதா?’ என்பது ஒன்று. ‘அரசு என்ன செய்துகொண்டிருந்தது?’ என்பது மற்றொன்று. இரு தரப்பும் இரண்டு நாள் வாதிட்டுவிட்டு அடுத்த செய்திக்கு நகர்ந்துவிடுகின்றன. அந்த ஆபத்தைப் பற்றி யாருக்கு என்ன தெரிந்திருந்தது என்ற கேள்வியை மட்டும் பெரும்பாலும் எவரும் எழுப்புவதில்லை.

தன் விருப்பத்தால் ஆபத்தான இடத்துக்குச் செல்பவருக்கு நேரும் தீங்குக்குப் பொது அமைப்புகள் பொறுப்பேற்க வேண்டுமா என்பதை, ஆபத்தின் அளவைக் கொண்டு முடிவு செய்ய இயலாது என்பது என் கருத்து. அந்த ஆபத்து பற்றிய அறிவு யாரிடம் இருந்தது, அது உரியவரிடம் போய்ச் சேர்ந்ததா என்பவற்றைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும். சட்டம் என் துறையன்று. நான் பயின்றது மொழியியல். ஆயினும் இக்கேள்வியின் நடுவில் ஒரு பலகையும் அதில் எழுதப்பட்ட ஒரு வாக்கியமும் நிற்பதால், மொழி பயின்றவர்க்கும் இதில் சொல்ல ஏதேனும் இருக்கும் என்று நம்புகிறேன்.

முதலில் ஒரு நிகழ்வு. 2014 ஜூன் 8 மாலை. ஐதராபாத்தின் தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றிலிருந்து மணாலிக்குச் சுற்றுலா புறப்பட்ட மாணவர்கள், இமாச்சலப் பிரதேசத்தின் மண்டி மாவட்டத்தில் தலௌட் என்னும் இடத்தருகே பியாஸ் நதியில் இறங்கினர். பாறைகளின் மீது நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, மேலேயுள்ள லார்ஜி அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் அவர்களைச் சூழ்ந்தது. 24 மாணவர்களும் உடன் சென்ற சுற்றுலா ஏற்பாட்டாளர் ஒருவரும் உயிரிழந்தனர். உடல்களைத் தேடும் பணி வாரக்கணக்கில் நீண்டது.

இத்தகைய இடங்களில் நதி எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதை அறியாமல் அந்த மரணங்களைப் புரிந்துகொள்ள முடியாது. லார்ஜி 126 மெகாவாட் திறன் கொண்ட நீர்மின் திட்டம். பெரும் நீர்த்தேக்கத்தில் மாதக்கணக்கில் நீரைச் சேமித்து வைக்கும் வகையைச் சேர்ந்ததன்று. ஓடும் நீரைச் சிறிதளவு தேக்கி, சுரங்கத்தின் வழியே திருப்பி, விசையாழிகளைச் சுழற்றிவிட்டு மீண்டும் நதியில் சேர்க்கும் வகை. நீர் சுரங்கத்துக்குள் சென்றுவிடுவதால் இத்தகைய அணைகளின் கீழே உள்ள நதிப்படுகை பெரும்பாலான நேரங்களில் பாறைகள் தெரிய, கணுக்கால் அளவு நீரோடு காட்சியளிக்கும். மின் உற்பத்தியைக் குறைத்தாலோ வரத்து கூடினாலோ, தேக்க இடமில்லாத நீர் மதகுகளின் வழியாக வெளியேற வேண்டும். அப்போது அதே படுகை சில நிமிடங்களில் பெருநதியாகிவிடும். வானத்தில் மேகம் இருக்காது, மழை பெய்திருக்காது. நதிக்கரையில் வளர்ந்தவர்கூட வானத்தைப் பார்த்து இந்த வெள்ளத்தை முன்னறிய முடியாது. மதகைத் திறப்பவருக்கு மட்டுமே அது தெரியும்.

இமாச்சலப் பிரதேச உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து இதை வழக்காக எடுத்துக்கொண்டது. 2016 ஜனவரியில் வந்த தீர்ப்பு, இறந்த ஒவ்வொரு மாணவரின் குடும்பத்துக்கும் 20 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. அந்தத் தொகையில் 60 விழுக்காட்டை மாநில மின்வாரியமும், 30 விழுக்காட்டைக் கல்லூரியும், 10 விழுக்காட்டை மாநில அரசும் ஏற்க வேண்டும் என்று பிரித்தது.

இந்தப் பங்கீட்டை நான் அறிவின் பங்கீடாகவே படிக்கிறேன். தீர்ப்பு இதே சொற்களில் சொல்லியது என்று கூறவில்லை. என் வாசிப்பு இது. எப்போது நீர் வரும் என்பதை நிமிடக் கணக்கில் அறிந்திருந்தது மின்வாரியம். அறிமுகமற்ற மலைநாட்டுக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும்போது விசாரித்து அறிந்திருக்க வேண்டியது கல்லூரி. அந்தச் சாலையில் சுற்றுலாப் பயணிகள் வண்டியை நிறுத்தி ஆற்றில் இறங்குவது வழக்கம் என்பதை அறிந்திருக்க வேண்டியது அரசு. மூன்று வகை அறிவு, மூன்று வகைப் பொறுப்பு. மாணவர்களிடம் இருந்ததோ கண்ணெதிரே தெரிந்த ஆழமற்ற நீர் மட்டும்.

இனிப் பலகைக்கு வருகிறேன். நம் நாட்டில் நீர்நிலைகளின் அருகே காணப்படும் வாக்கியங்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை தடை: ‘இங்கே இறங்காதீர்கள்.’ இரண்டாம் வகை கைகழுவல்: ‘மீறினால் நிர்வாகம் பொறுப்பல்ல.’ மூன்றாம் வகை தகவல்: ‘மேலே அணை உள்ளது. முன்னறிவிப்பின்றி நீர் திறக்கப்படலாம். சில நிமிடங்களில் நீர்மட்டம் ஆளுயரத்துக்கு மேல் உயரும். சங்கொலி கேட்டதும் கரையேறுங்கள்.’ முதல் இரண்டும் எங்கும் காணக் கிடைக்கின்றன. மூன்றாவதைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாம் வகையின் இலக்கணத்தைச் சற்றுக் கவனியுங்கள். ‘மீறினால்’ என்பதற்கு எழுவாய் இல்லை. மீறுபவர் யார் என்று வாக்கியம் சொல்லவில்லை. எதை மீறினால் என்பதும் அதில் இல்லை. ஆற்றைப் பற்றியோ அணையைப் பற்றியோ நேரத்தைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. வாக்கியத்தில் வெளிப்படையாகத் தோன்றும் ஒரே எழுவாய் ‘நிர்வாகம்’. ஆக, படிப்பவரைப் பற்றியதாகத் தோன்றும் அவ்வாக்கியம் முழுக்க முழுக்க அதை எழுதியவரைப் பற்றியது. ஆற்றங்கரையில் நிற்கும் பயணிக்கு அது எதையும் அறிவிப்பதில்லை. பின்னாளில் நீதிமன்றத்தில் அமரப்போகும் நீதிபதியை நோக்கி முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்ட மனு அது.

மெய்யியலாளர் ஜே.எல். ஆஸ்டின், சில வாக்கியங்கள் செய்தி சொல்வதோடு நில்லாமல் செயலையே நிகழ்த்துகின்றன என்று விளக்கினார். வாக்களித்தல், பெயரிடுதல், எச்சரித்தல் ஆகியவை அவ்வகை. அவருடைய சொற்பொழிவுகள் 1962இல் நூலாக வெளிவந்தன. பேச்சுச்செயல் பற்றிய அந்தச் சிந்தனையில் நமக்குப் பயன்படும் ஒரு கருத்து உண்டு: கேட்பவர் இது எச்சரிக்கை என்று உணராதவரையில் எச்சரித்தல் என்னும் செயல் நிறைவடைவதில்லை. தெலுங்கு மட்டுமே அறிந்தவர் முன் இந்தியில் எழுதிய பலகை சொற்களைக் காட்டுகிறது, எச்சரிக்கவில்லை. இமயத்தின் ஆறுகளுக்கு ஐதராபாத்திலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் சென்னையிலிருந்தும் மக்கள் செல்கிறார்கள். குற்றாலத்துக்குக் கேரளத்திலிருந்து வருகிறார்கள். ஒரு மொழியில், எழுத்தறிந்தவருக்கு மட்டும் புரியும்படி எழுதி நட்டுவிட்டு ‘எச்சரித்தோம்’ என்று இறந்தகாலத்தில் சொல்வது எளிது. அந்தச் செயல் நடந்ததா என்பதே கேள்வி.

சங்கொலிக்கும் இது பொருந்தும். குறிக்கும் அது சுட்டும் பொருளுக்கும் இடையே இயற்கையான உறவு இல்லை என்பது மொழியியலின் முதற்பாடம். ஆலைச் சங்கு வேலைநேரத்தைக் குறிக்கும். நகரத் தெருவில் அதுபோன்ற ஒலி அவசர ஊர்தியைக் குறிக்கும். மலைப்பள்ளத்தாக்கில் தொலைவிலிருந்து கேட்கும் ஊதல் ‘நீர் வருகிறது, ஓடு’ என்று பொருள்படுவது அவ்வூரில் வாழ்பவருக்கு மட்டுமே. வெளியூரார்க்கு அதைக் கற்பிக்காமல் ஊதுவதும் ஊதாமல் இருப்பதும் ஏறத்தாழ ஒன்றே.

‘அப்படியானால் ஆற்றில் விழும் ஒவ்வொருவருக்கும் அரசு பணம் கொடுக்க வேண்டுமா? குடித்துவிட்டுக் குதிப்பவருக்கும், தற்படம் எடுக்கத் தடுப்பைத் தாண்டுபவருக்கும் வரி செலுத்துவோர் ஏன் ஈடு செய்ய வேண்டும்?’ என்று கேட்கப்படும். நியாயமான கேள்விதான். இங்கிலாந்தின் ஒரு வழக்கு இதற்கு விடையளிக்க உதவும்.

செஷயர் பகுதியில், மணல் தோண்டிய பள்ளத்தில் உருவான ஏரி ஒன்று பொதுப் பூங்காவாக இருந்தது. 1995 மே மாதத்தில் 18 வயது இளைஞர் ஒருவர் ஆழமற்ற நீரில் தலைகீழாகப் பாய்ந்தார். தலை தரையில் மோதிக் கழுத்தெலும்பு முறிந்தது. வாழ்நாள் முழுதும் கைகால் செயலற்றுப் போனார். நீந்தக்கூடாது என்ற பலகைகள் அங்கு இருந்தன. மக்கள் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை என்பதும் உள்ளாட்சி மன்றத்துக்குத் தெரியும். டாம்லின்சன் எதிர் காங்கிள்டன் மன்றம் என்று அறியப்படும் இவ்வழக்கில், 2003இல் பிரபுக்கள் அவை இழப்பீடு கிடையாது என்று தீர்ப்பளித்தது. ஆழமற்ற நீரில் தலைகீழாகப் பாய்வதன் ஆபத்து வயதுவந்த எவருக்கும் வெளிப்படையானது. ஏரியின் நிலையிலோ பராமரிப்பிலோ மறைந்திருந்த குறை எதுவும் இல்லை. சிலரின் துணிச்சலுக்காக, தீங்கின்றிப் பொழுது போக்கும் பலரிடமிருந்து கரையைப் பறிப்பது முறையன்று என்பது அத்தீர்ப்பின் சாரம்.

கடுமையான தீர்ப்புதான். இருப்பினும் அதை நான் ஏற்கிறேன். அந்த ஏரியையும் பியாஸ் நதியையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டும் நீர், இரண்டு இடத்திலும் இளைஞர்கள் தாமாகவே இறங்கினார்கள், இரண்டு இடத்திலும் ஒரு பொது அமைப்பு இருந்தது. ஏரியின் ஆழமின்மை மன்றத்துக்கும் இளைஞருக்கும் ஒரே அளவில் தெரிந்த உண்மை. நதியின் எழுச்சி ஒரு தரப்புக்கு மட்டுமே தெரிந்த உண்மை. ‘அறிந்தே ஏற்றவர் முறையிட இயலாது’ என்னும் பழைய சட்டக் கோட்பாட்டில் ‘அறிந்தே’ என்ற சொல்தான் முழுச் சுமையையும் தாங்குகிறது. நதியில் இறங்குவது ஆபத்து என்று பொதுவாக அறிந்திருப்பது வேறு. இன்று மாலை மதகு திறக்கப்படும் என்று அறிந்து இறங்குவது வேறு. முன்னதை வைத்துப் பின்னதற்கும் இசைந்ததாகக் கொள்ள முடியாது.

பியாஸ் தீர்ப்பின் பங்கீட்டு முறையே இன்னொரு வழியையும் காட்டுகிறது. தடுப்பைத் தாண்டியவரின் கவனக்குறைவுக்கும் ஒரு விழுக்காட்டைக் கணக்கிட்டு இழப்பீட்டைக் குறைக்கலாம். முழுப் பொறுப்பு அல்லது பொறுப்பே இல்லை என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் சட்டத்துக்கு இல்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது: பொறுப்பைச் சுமத்தினால் அதிகாரிகள் எல்லாவற்றையும் மூடிவிடுவார்கள். இது கற்பனை அச்சமன்று. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்தின் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, தமிழகத்தில் மலையேற்றத்தை நிறுத்தி வைப்பதே முதல் எதிர்வினையாக இருந்தது. அதே ஆண்டு ஜூனில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம், படகுச் சவாரி முதலிய சாகச விளையாட்டுகளுக்கு உரிய விதிமுறை வகுக்கும்வரை அவற்றை அனுமதிக்கக்கூடாது என்றது. 2024 ஜூன் இறுதியில் லோனாவாலாவின் பூஷி அணையருகே ஒரே குடும்பத்தினர் ஐவர் அடித்துச் செல்லப்பட்டதும், புனே மாவட்ட நிர்வாகம் சுற்றுலா இடங்களுக்குத் தடையாணைகளைப் பிறப்பித்தது.

தடை நிர்வாகத்துக்கு மிக மலிவானது. ஓர் ஆணையில் முடிந்துவிடும். அதனால்தான் பொறுப்பின் எல்லையைத் தெளிவாக வரைய வேண்டும் என்கிறேன். ‘விபத்து நடந்தால் நீ சிக்குவாய்’ என்பதே அதிகாரி அறிந்த விதியாக இருந்தால் அவர் வாயிலைப் பூட்டுவார். ‘உனக்குத் தெரிந்ததை நீ சொல்லாமல் விட்டால் சிக்குவாய், சொல்லிவிட்டால் உன் கடமை நிறைவேறியது’ என்பது விதியாக இருந்தால் அவர் சொல்லுவார். தடை செய்யப்பட்ட இடத்தில் ஆள் நடமாட்டம் ஓய்வதும் இல்லை. காவலும் வழிகாட்டியும் இல்லாத பக்கவழிக்கு மாறுகிறது, அவ்வளவுதான். 2024 அக்டோபரில் தமிழக வனத்துறை 40 பாதைகளில் இணையப் பதிவுடன் மலையேற்றத்தைத் தொடங்கியது எனக்கு நல்ல திசையாகத் தெரிகிறது. யார், எப்போது, எங்கே மலையில் இருக்கிறார் என்பது வனத்துறைக்குத் தெரியும். தீயோ மழையோ வந்தால் எவரிடம் சொல்ல வேண்டும் என்பதும் தெரியும். பதிவேடு இருந்தால் எச்சரிக்கைக்குப் பெறுநர் கிடைத்துவிடுகிறார்.

அருவிக்கும் இதே அளவுகோல் பொருந்தும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளத்தில் 17 வயதுச் சிறுவன் அடித்துச் செல்லப்பட்டான். அங்கே மதகைத் திறந்தவர் எவரும் இல்லை, பெய்தது மழை. ஆயினும் மலைமேல் பெய்யும் மழை அருவியின் கீழ் நிற்பவருக்குத் தெரியாது. அதை அளக்கும் வசதியும் அதை உடனே கீழே தெரிவிக்கும் வசதியும் தனிமனிதரிடம் இருக்க இயலாது. அரசிடம் இருக்க முடியும். இயற்கைக்கு அரசு பொறுப்பல்ல. தான் அறியக்கூடியதை அறிந்து சொல்லாமைக்குப் பொறுப்பு உண்டு.

சட்டத்தின் இன்றைய நிலை என்ன? அரசு ஊழியரின் கவனக்குறைவால் குடிமகனுக்கு நேரும் தீங்குக்கு அரசு எந்த அளவுக்குப் பொறுப்பு என்று வரையறுக்கும் பொதுச் சட்டம் நம்மிடம் இல்லை. 1956இல் சட்ட ஆணையத்தின் முதல் அறிக்கையே இதைப் பற்றியதுதான். அதையொட்டி 1965இலும் 1967இலும் மசோதாக்கள் வந்தன, இரண்டும் சட்டமாகவில்லை. 1964இல் கஸ்தூரிலால் வழக்கில், காவல் நிலையத்தில் வைக்கப்பட்ட வணிகரின் தங்கத்தைத் தலைமைக் காவலர் எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்கு ஓடிவிட்டபோதும், அது இறையாண்மைச் செயலின் பாற்பட்டது என்று கூறி உச்ச நீதிமன்றம் அரசை விடுவித்தது. 1993இல் நீலாபதி பெகரா வழக்கில், அடிப்படை உரிமை மீறப்படும்போது அந்த விலக்கு செல்லாது என்று அதே நீதிமன்றம் இழப்பீடு வழங்கியது. இவ்விரண்டுக்கும் நடுவே ஒவ்வொரு குடும்பமும் தன் வழியைத் தானே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

2021இன் அணைப் பாதுகாப்புச் சட்டம் இந்த இடைவெளியை நிரப்பும் என்று சிலர் கருதலாம். அதன் முகப்புரையே, அணை செயலிழப்பதால் விளையும் பேரிடர்களைத் தடுப்பது நோக்கம் என்கிறது. 2014இல் லார்ஜி அணை உடையவில்லை. மதகுகள் திறக்கும்படி கட்டப்பட்டவை, திறந்தன. அணை சரியாக இயங்கிய ஒரு மாலையில்தான் 25 பேர் இறந்தார்கள்.

என்ன செய்யலாம்? எனக்குத் தோன்றும் நான்கைச் சொல்கிறேன்.

ஒன்று: கவனக்குறைவால் நேரும் மரணத்துக்கும் உடற்காயத்துக்கும் உரிய பொறுப்பை ஓர் அறிவிப்புப் பலகையால் விலக்கிக்கொள்ள முடியாது என்று சட்டம் சொல்ல வேண்டும். இங்கிலாந்து 1977இலேயே இவ்வாறு சட்டம் இயற்றியது. பொது அமைப்புகளும் அதில் அடக்கம். எச்சரிக்கை இருந்தது என்பது மட்டும் போதாது, வருகையாளர் பாதுகாப்பாக இருக்க அது போதுமானதாக இருந்ததா என்று பார்க்க வேண்டும் என அவர்களின் 1957ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. படகில் ஏறுமுன் நம்மிடம் நீட்டப்படும் ஆங்கிலத் தாளில் எழுதியிருப்பதைப் படிக்காமல் கையெழுத்திடும் நமக்கு இது மிகவும் தேவை.

இரண்டு: எச்சரிக்கை என்றால் என்ன என்பதை விதி வரையறுக்க வேண்டும். ஆபத்தின் காரணம், அது வரும் விதம், தப்பும் வழி ஆகிய மூன்றும் இல்லாத பலகை எச்சரிக்கையாகக் கருதப்படக்கூடாது. உள்ளூர் மொழி, இந்தி, ஆங்கிலம் ஆகியவற்றோடு படமும் வேண்டும். மதகு திறந்தால் நீர் எந்த உயரத்தை எட்டும் என்பதைக் கரைப்பாறைகளில் வண்ணக்கோடாக வரைந்துவிட்டால், எழுத்தறியாதவருக்கும் அது புரியும்.

மூன்று: மதகைத் திறப்பதே ஒரு மொழியாக வேண்டும். முதலில் சிறிதளவு நீரை விட்டு, நதி மெல்ல உயர்வதைக் கண்ணால் காணச் செய்து, பின்னர் பெருமளவு திறக்கலாம். எந்த மொழி பேசுபவருக்கும் காலடியில் உயரும் நீர் புரியும்.

நான்கு: மதகு திறந்த நேரம், அளவு, சங்கு ஒலித்த நேரம் ஆகியவை பொதுமக்கள் பார்க்கும்படி பதிவாக வேண்டும். அறிவு யாரிடம் இருக்கிறதோ அவரிடமே மெய்ப்பிக்கும் சுமையும் இருக்க வேண்டும். பிள்ளையை இழந்த பெற்றோர் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்து ‘சங்கு ஒலிக்கவில்லை’ என்று நிறுவ வேண்டும் என எதிர்பார்ப்பது அநீதி. ‘ஒலித்தோம்’ என்று காட்ட வேண்டியது வாரியம்.

இவற்றில் எதற்கும் பெரும் செலவு இல்லை. 24 குடும்பங்களுக்கு 20 லட்சம் என்றால் நான்கு கோடியே 80 லட்சம் ரூபாய். கோடு வரைய வண்ணமும், படிப்படியாகத் திறக்கச் சில நிமிடப் பொறுமையும் அதனினும் மிகக் குறைவாகவே ஆகும்.

இதைப் படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊருக்கு அருகிலுள்ள அணை, அருவி, கடற்கரை எதுவாயினும், அடுத்த முறை செல்லும்போது அங்குள்ள பலகையைப் படம் எடுத்து இங்கே பகிருங்கள். அது தடையா, கைகழுவலா, தகவலா என்று நீங்களே வகைப்படுத்துங்கள். எந்த மொழியில், எத்தனை மொழியில் இருக்கிறது என்பதையும் குறியுங்கள். போதுமான அளவு சேர்ந்தால், மாவட்ட வாரியாகத் தொகுத்து உரிய துறைகளுக்கு அனுப்பும் பணியை நான் ஏற்கிறேன். மாற்றுக் கருத்துடையோர், குறிப்பாகச் சட்டம் பயின்றோரும் அணைப்பணியில் இருப்போரும், எழுதுங்கள், அறிய விரும்புகிறேன்.